மராட்டியக் கவி நாராயண வாமன திலகர்

திலகர் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டார் உள்ளத்தில் எழுவது லோகமான்ய பால கங்காதர திலகரின் தோற்றமே. அது இயல்பே. எனினும், அதே கொங்கண நாட்டில், அதே இரத்தினகிரி ஜில்லாவில், அதே சித்பாவன அந்தணர் குலத்தில், அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிற்பட்டுப் பிறந்த மற்றொரு திலகரும் உண்டு. முன்னவர் அரசியலில் பெற்ற இடத்தைப் பின்னவர் மராட்டியப் பாட்டில் பெற்றார் என்று கூறினால் அது சற்று மிகையாகலாம். ஆயினும் மராட்டிய மொழி பேசும் சபைகளில் அவர் பாட்டு ஒலியாத ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பது மிகையன்று. பூவையும் குழந்தையையும் பாடிக்கொண்டு, ஊர் ஊராய் அலைந்து திரிந்த ஒரு கவி, அப் பாட்டின் வழியாகவும் அலைச்சலின் வழியாகவும் கிறிஸ்துவினிடம் வந்து சேர்ந்த வரலாற்றை நம் கலாசாலை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

நாராயண வாமன திலகர் 1861-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கரஜ்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். கொங்கணம் என்பது ஸஹ்யாத்திரி மலைத்தொடருக்கும் மேல்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாடு. ஆனி மாதத்தில் மழை இறங்கிவிட்டால், மலையின் முகமெல்லாம் வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டாற்போல அருவிகள் காணப்படும். பாறையின் பிளவுகளிலும் பசும்பாசி படரும். பெயர் தெரியாத பூக்கள் வழியோரங்களில் மலரும். இத்தகைய நாட்டில் வளர்ந்த பிள்ளை காட்டையும் ஓடையையும் தன் உறவினராகக் கருதியதில் வியப்பில்லை. தந்தையார் வாமனராவ் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தவர். கடுமையான சுபாவம் உடையவர். தாயார் ஜானகிபாயோ பக்தியிலும் பாட்டிலும் மனம் தோய்ந்தவர். மகன் தந்தையின் சினத்தையும் தாயின் பாட்டையும் ஒருங்கே பெற்றான். இளமையிலேயே தாயை இழந்தது அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அதன்பின் வீடு அவருக்கு வீடாக இல்லை. அங்கிருந்து வெளியேறி, கோதாவரி தீரத்திலுள்ள நாசிக் நகரை அடைந்தார்.

நாசிக்கில் வடமொழி வல்லுநர் ஒருவரிடம் காவியமும் சாத்திரமும் பயின்றார். ஆங்கிலம் கற்க வேண்டுமென்ற அவாவினால் பள்ளிக்கூடத்திலும் சிறிது காலம் அமர்ந்தார். ஆனால் பரீட்சை ஏதும் தேறியவரல்லர். 1880-ம் ஆண்டளவில் நாசிக்கை அடுத்த ஜலால்பூரைச் சேர்ந்த பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியை அவருக்கு மணம் முடித்தனர். அக்கால வழக்கப்படி புக்ககத்தில் அச்சிறுமிக்கு இட்ட பெயர் லட்சுமிபாய். எழுத்தறியாத அப்பெண்ணே பிற்காலத்தில் ஸ்மிருதி சித்ரே என்னும் சுயசரிதையை எழுதி, மராட்டிய உரைநடையில் அழியாத இடம் பெற்றார். திலகரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அந்நூலின் வழியாகவே கிடைப்பது. கணவரின் பெருமையையும் குறையையும் அவ்வம்மையார் ஒளிக்காமல் சொல்லுகிறார். அதைப் படிப்போர் ஒரு பக்கத்தில் வாய்விட்டுச் சிரிப்பர்; மறு பக்கத்தில் அக்கவிமீது கோபங் கொள்வர். மகானுடைய சரித்திரத்தை அவருடைய மனைவி எழுதுவதில் இப்படியொரு நன்மை இருக்கிறது.

கோபங் கொள்வதற்குக் காரணமும் உண்டு. திலகருக்கு ஓரிடத்தில் கால் தரியாது. இன்று ஆசிரியர், நாளை அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர், பின்னொரு நாள் புராணப் பிரசங்கி. இப்படியே பல ஊர்களில் பல தொழில்கள். சொல்லாமற் கொள்ளாமல் புறப்பட்டு விடுவார். மனைவி பிறந்தகத்திலோ உறவினர் வீட்டிலோ மாதக்கணக்காய்க் காத்திருப்பார். கையில் வந்த பணம் கையில் நில்லாது. இரந்தவனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். அடுப்பில் உலையை ஏற்றி வைத்துக் காத்திருந்தவளின் நிலையை அவர் கருதுவதில்லை. சினம் வந்தால் நெருப்பு, தணிந்தால் குழந்தை. இவ்வலைச்சலை நாடோடித்தனம் என்று மாத்திரம் தள்ளிவிடுவதற்கில்லை. அவர் எதையோ தேடினார். ஆனால் தாம் தேடுவது இன்னதென்று அவருக்கே அக்காலத்தில் விளங்கவில்லை.

அவ்வாண்டுகளில் அவருக்கு நிலையாய் வாய்த்த துணை பாட்டு ஒன்றே. மராட்டியக் கவிதை அப்பொழுது புதுத் திசையில் திரும்பிக்கொண்டிருந்தது. அரசரையும் அணங்குகளையும் பாடிய பழைய மரபை விட்டு, கண்முன் காணும் சிறு பொருளையும் சொந்த உள்ளத்தின் துடிப்பையும் பாடும் வழக்கத்தைக் கேசவசுதரும் அவர் காலத்தவரும் தோற்றுவித்தனர். அக்கூட்டத்தில் திலகரும் ஒருவர். பூக்களையும் குழந்தைகளையும் பாடிய கவி என்றே மராட்டியர் இன்றும் அவரைக் குறிப்பிடுகின்றனர். அடிபட்ட தாய்ப்பறவை ஒன்று தன் குஞ்சுகளிடம் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும் துயரத்தை அவர் பாடிய பாட்டு, பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணை நனைத்திருக்கிறது. காட்டில் தனித்துப் பூத்த மலரோடு கவி உரையாடுவதாக அமைந்த நெடும்பாட்டு ஒன்றும் உண்டு. உலகை விட்டு ஒதுங்கித் தனிமையில் வாழ்வது மேலா, மக்கள் நடுவே நின்று அவர்க்கு உழைப்பது மேலா என்பதே அதிற் பேசப்படும் பொருள். இவ்வினா அவர் வாழ்நாள் முழுதும் அவரைப் பின்தொடர்ந்தது என்பதை மேலே காண்போம்.

பூவினிடத்தில் சாதி இல்லை. அது யார் வாசலில் மலர்ந்தாலும் ஒரே மணந்தான். இதை உணர்ந்த உள்ளம், மனிதரை மனிதர் தீண்டாமல் விலக்கும் கொடுமையைக் கண்டு நெடுநாள் பொறுத்திருத்தல் அரிது. நாடு உயர வேண்டுமானால் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்னும் எண்ணம் திலகருக்கு நாளுக்கு நாள் வலுத்தது. நாகபுரியில் செல்வர் ஒருவரின் ஆதரவில் வடமொழி நூற்பணி செய்து வந்த காலத்தில், சமய விஷயங்களை ஆராய்வதற்கென ரிஷி என்னும் பத்திரிகையை நடத்தினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. பழைய மதங்களில் மனம் நிறையாமல், புதிய மதம் ஒன்றைத் தாமே தோற்றுவிக்கலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு.

இந்நிலையில், 1893-ம் ஆண்டு, நாகபுரியிலிருந்து ராஜநந்தகாவ் என்னும் ஊருக்கு ரயிலில் பிரயாணமானார். அதே வண்டியில் ஓர் ஐரோப்பியர் இருந்தார். வெள்ளையர் என்றால் விலகியிருப்பதே அந்நாளைய வழக்கம். ஆனால் அம்மனிதர் இடங்கொடுத்து, மரியாதையோடு பேச்சுத் தொடங்கினார். பேச்சு முதலில் மதத்தைப் பற்றியதன்று. வடமொழிக் கவிதையைப் பற்றியது. கவியோடு கவிதை பேசியவனுக்குக் கவியின் உள்ளம் திறவாதிருக்குமா? பிறகு பேச்சு கிறிஸ்துவினிடம் திரும்பிற்று. பிரியும்பொழுது, அவர் புதிய ஏற்பாட்டுப் பிரதி ஒன்றைத் திலகர் கையில் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குள் நீர் கிறிஸ்தவராவீர் என்னும் கருத்தில் ஒரு வார்த்தையும் சொல்லிப் போனார். திலகர் அதை நம்பவில்லை. கொடுத்தவரின் பெயரையும் அவர் கேட்டு வைக்கவில்லை.

புத்தகத்தைப் படிப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று, ஆகவே படித்தார். முதலில் அதில் அவருக்கு ஒப்பாதன பல இருந்தன. மத்தேயு சுவிசேஷத்தில் மலைப் பிரசங்கத்தை அடைந்தபொழுது மேலே செல்ல முடியவில்லை, அங்கேயே நின்றுவிட்டார். தம்மை நெடுநாள் வாட்டிய வினாக்களுக்கு அவ்வதிகாரங்களில் விடை கிடைத்தது என்று பின்னாளில் அவர் கூறுவதுண்டு. என் எண்ணத்தில் வேறொரு காரணமும் தோன்றுகிறது. அப்பிரசங்கத்தைச் செய்தவர் வானத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் சுட்டிக்காட்டிக் கடவுளைப் பற்றிப் பேசினவர். காட்டுப் பூவிடம் பாடங் கேட்டுத் திரிந்த கவிக்கு, அப்பூவையே பாடமாகக் காட்டும் குரு ஒருவர் அங்கே எதிர்ப்பட்டார். தத்துவ வாதங்களினால் அசையாத நெஞ்சம் இவ்விடத்தில் அசைந்ததில் என்ன வியப்பு?

அசைந்த நெஞ்சம் உடனே துணிந்துவிடவில்லை. வீடு, மனைவி, மூன்று வயது நிரம்பிய மகன், குலம், நண்பர், இத்தனையையும் இழக்கவேண்டி வரும் என்பதை அவர் நன்கு அறிவார். இரகசியமாகப் படித்தும், கிறிஸ்தவ நண்பர்களோடு கடிதம் எழுதியும் நாட்களைக் கழித்தார். செய்தி வெளிப்பட்டபொழுது நிந்தையும் அச்சுறுத்தலும் எழுந்தன. முடிவில் பம்பாய் சென்று, அமெரிக்க மராட்டி மிஷனைச் சார்ந்த அபட் ஐயரின் நட்பைப் பெற்று, 1895-ம் ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். அச்சடங்கை நடத்தியவர் இந்தியப் போதகர் ஒருவரே. அவ்வாறே நடக்க வேண்டுமென்பது திலகரின் விருப்பம். ரயிலில் அறிமுகமான அந்நிய மனிதர் குறித்த இரண்டாண்டு தவணை இன்னும் தீரவில்லை.

லட்சுமிபாய்க்கு இச்செய்தி இடி விழுந்தாற்போல் வந்தது. கணவர் உயிரோடிருக்கையிலேயே அவரை இழந்தவளாகித் தவித்தார். சித்தம் கலங்கிவிடுமோ என்று சுற்றத்தார் அஞ்சினர். துயரம் தாங்காமல் அவர் சில அடிகளைப் பாட்டாகப் புனைந்தார். கணவரைக் கவியாக்கியது காடென்றால், மனைவியைக் கவியாக்கியது பிரிவு. மகனோடு உறவினர் வீடுகளிலும் பண்டரிபுரத்திலுமாக அவர் காலங் கழித்தார். திலகர் அஹமதுநகரில் இருந்தார். கடிதம் எழுதுவார்; நேரில் வருவார்; மனைவியைப் பலவந்தப்படுத்தவோ, வேறு மணம் செய்துகொள்ளவோ அவர் எண்ணவில்லை. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஒருவன் தன் மனச்சாட்சிக்கு உண்மையாய் நடப்பதால் விளையும் நோவை அவன் ஒருவனே சுமப்பதில்லை. திலகரின் சரித்திரத்தை வெற்றிச் சரித்திரமாக மட்டும் எழுதுவோர் இவ்வைந்தாண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று.

கடைசியில் லட்சுமிபாய் அஹமதுநகர் வந்தார். வந்தும் உடனே கணவரோடு உண்ணவில்லை. தனியே சமைத்து, தனியே நீர் மொண்டு, தம் ஆசாரத்தைக் காத்துக்கொண்டார். திலகரும் அதற்குத் தடை சொல்லவில்லை. மனைவியின் ஆசாரத்துக்கு வேண்டிய வசதிகளைத் தாமே செய்து கொடுத்தார். சினத்துக்குப் பேர்போன மனிதரிடத்தில் இப்பொறுமை எங்கிருந்து வந்ததென்று அவ்வம்மையார் தமக்குள் வியந்திருக்கக் கூடும். சாதியைக் கடவுள் படைத்தாரா, மனிதர் படைத்தனரா என்னும் வினா ஒருநாள் அவர் உள்ளத்தில் தானாகவே எழுந்தது. விடை கண்டவுடன், இனி யார் கையிலும் நீர் வாங்கிக் குடிப்பேன் என்று துணிந்துவிட்டார். கணவருடைய வாதம் ஒன்றும் இதற்குக் காரணமன்று. 1900-ம் ஆண்டில் அவரும் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டுகள் பம்பாய் மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டிய காலம். தாய்தந்தையரற்ற பிள்ளைகள் பலர் மிஷனின் நிழலில் வந்து சேர்ந்தனர். திலகர் வீட்டிலும் அத்தகைய பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. எக்குலத்துப் பிள்ளையென்று கேளாமல் லட்சுமிபாய் அவர்களுக்குச் சோறிட்டார்.

1904-ம் ஆண்டில் திலகர் போதகராக அபிஷேகம் பெற்றார். அஹமதுநகர் வேதசாஸ்திர கலாசாலையில் கற்பித்தார்; கிராமங்கள் தோறும் சுற்றிப் பிரசங்கித்தார்; ஞானோதயம் என்னும் பழைய மிஷன் பத்திரிகையின் மராட்டிப் பகுதிக்கு 1912 முதல் ஆசிரியராயிருந்தார். ஆனால் அவர் ஊழியத்தின் உயிர்நாடி இவற்றில் இல்லை. அது பாட்டில் இருந்தது. அவர் சபையில் சேர்ந்தபொழுது, மராட்டியக் கிறிஸ்தவர் பாடிய கீதங்களிற் பல ஆங்கிலப் பாட்டை மராட்டிச் சொல்லில் பெயர்த்து, மேனாட்டு இராகத்தில் ஏற்றியவை. வயலில் ஏற்றம் இறைப்பவனுக்கும் திருகையில் மாவரைப்பவளுக்கும் அவை நாவில் நிற்கவில்லை. மராட்டிய நாட்டில் பக்திக்கென்றே வளர்ந்த பா வகைகள் இரண்டு: ஞானேசுவரர் கையாண்ட ஓவி ஒன்று, துக்காராம் உருகிப் பாடிய அபங்கம் மற்றொன்று. பண்டரிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டம் தாளந்தட்டிப் பாடுவது அபங்கமே. திலகர் கிறிஸ்துவை இவ்வபங்கத்தில் பாடினார். துக்காராம் கட்டிய பாலத்தின் மேல் நடந்தே தாம் கிறிஸ்துவினிடம் வந்ததாக அவர் சொல்வார். பாலத்தைக் கடந்தபின் அதைக் கொளுத்திவிட அவர் மனம் ஒப்பவில்லை. மராட்டிச் சபைகளின் கீதப் புத்தகத்தில் அவர் பாடல்கள் மாத்திரம் 250-க்கு மேற்பட்டன.

கீர்த்தனம் என்னும் கதை சொல்லும் முறையையும் அவர் மேற்கொண்டார். பாட்டும் வசனமும் மாறி மாறி வர, தாளத்தோடு நின்று கதையுரைக்கும் அம்முறை நமக்குப் புதிதன்று. தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆண்ட காலத்தில் அது நம் நாட்டில் வந்து வேரூன்றிக் காலட்சேபம் என்று பெயர் பெற்றது. அத் தஞ்சை மண்ணில் வேதநாயக சாஸ்திரியாரும், திருநெல்வேலியில் இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையும் செய்த தொண்டை நினைப்போர்க்குத் திலகரின் முயற்சி எத்தகையதென்று எளிதில் விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் இளங்கவியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1907-ம் ஆண்டில் ஜல்காவ் நகரில் கூடிய கவிகள் சம்மேளனத்தில் திரியம்பக பாபூஜி தோம்ப்ரே என்னும் பதினேழு வயதுப் பிள்ளை தன் கவிதையால் அவையோரை மயக்கி, பாலகவி என்னும் பட்டம் பெற்றான். திலகர் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, மகனைப் போல் வைத்துக் காத்தார், லட்சுமிபாய் தாயானார். பூவையும் ஓடையையும் ஆவணி மழையையும் பாடிய அவ்விளைஞன் கிறிஸ்தவனாகவில்லை. ஆகும்படி அவ்வீட்டில் அவனை யாரும் நெருக்கவுமில்லை. மத மாற்றமே மிஷன் ஊழியரின் நோக்கம் என்று ஏசுவோரும், அதுவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவோரும் இவ்வீட்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நலம். 1918-ம் ஆண்டு மே மாதத்தில் பாலகவி ரயிலில் அடிபட்டு இறந்தான். மராட்டிய இயற்கைக் கவிதையின் மிக இனிய குரல் அன்று அடங்கிற்று.

இதற்கிடையே திலகரின் உள்ளத்தில் பழைய வினா மீண்டும் தலைதூக்கியிருந்தது. மிஷனிலிருந்து மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சுவிசேஷம் உரைக்கும் தம்மை, தம் நாட்டார் கூலியாளாக அல்லவோ காண்பர்? இந்தியர் மதிப்பது துறந்தவனை. மேலும், மேனாட்டு மிஷனெரிமார் இந்தியக் கிறிஸ்தவருக்குத் தாய்தந்தையராய் நின்றது போதும். இனிச் சகோதரராய் நிற்கவேண்டும் என்று அவர் அஞ்சாமல் எழுதினார். எழுதியவர் அவர்களை வெறுத்தவரல்லர். அவர்களோடு இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஆகையினாலேயே அச்சொல் உறைத்தது. 1917-ம் ஆண்டில், ஆழ்ந்த ஆத்தும அனுபவம் ஒன்றுக்குப் பின், மிஷன் சம்பளத்தைத் துறந்து, கிறிஸ்தவ சந்நியாசியாகிச் சாத்தாரா நகரில் தங்கினார். தேவனுடைய தர்பார் என்னும் ஒரு சகோதரக் கூட்டத்தை அங்கே நிறுவினார். ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் கிறிஸ்துவைக் குருவாகக் கொண்டால் அதில் இடம் பெறலாம் என்பது அதன் விதி. சபையார் பலருக்கு இது பிடிக்கவில்லை. எல்லைக் கோட்டை அழித்தால் சபை என்று ஒன்று எப்படி நிற்கும் என்று அவர்கள் கேட்டது பொருளற்ற கேள்வியன்று. ஞானஸ்நானத்துக்காக ஐந்தாண்டு மனைவி மகனைப் பிரிந்திருந்த ஒருவர் அதை அற்பமாக எண்ணி இவ்விதியை வகுத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. மலரோடு உரையாடிய கவி, தனிமையையும் தொண்டையும் ஓரிடத்தில் சேர்க்க வழி தேடினார் என்றே நான் கொள்கிறேன். ஆனால் அவ்வழியில் நெடுந்தூரம் செல்ல அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. உடல் தளர்ந்து, பம்பாய் வைத்தியசாலையில் 1919-ம் ஆண்டு மே மாதம் 9-ம் தேதி உயிர் நீத்தார். அவர் விரும்பியபடி, கிறிஸ்தவ வழக்கத்துக்கு மாறாக, உடல் நாட்டு வழக்கப்படி தகனம் செய்யப்பட்டது. சாம்பல் அஹமதுநகருக்குக் கொண்டுவரப்பட்டது. தலைவரையிழந்த தர்பாரும் நெடுநாள் நிற்கவில்லை.

முடியாமல் நின்றது மற்றொன்றும் உண்டு. இராமாயணம் போலக் கிறிஸ்துவின் சரித்திரத்தை ஓவியில் பாட எண்ணி, கிறிஸ்தாயனம் என்று பெயரிட்டுச் சில அதிகாரங்களைத் திலகர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின், பள்ளியை எட்டிப் பாராத லட்சுமிபாய் அவ்வேட்டைக் கையிலெடுத்தார். கணவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வீட்டு வேலைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே, 64 அதிகாரங்களைப் பாடி முடித்தார். 1936-ம் ஆண்டில் அவர் காலமானார். தாயோடு பண்டரிக்கும் உறவினர் வீடுகளுக்கும் அலைந்த அம்மகன், தேவதத்தர், நூலை 1938-ம் ஆண்டில் வெளியிட்டார்.